கடலின் பாரமும் மலையின் இலேசும்

கேமரன் மலையில், தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ, தேநீருக்காக அடுப்பில் ஏற்றிய தண்ணீர் தளதளவென்று கொதித்துப் புரளும்போது அதில் ஓர் உஷ்ணமானியை நுழைத்துப் பார்த்தால், பாதரசம் 100 டிகிரியை எட்டாமல் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே நின்றுவிடும். அடுப்பை எத்தனை பெரிதாக எரியவிட்டாலும் தண்ணீர் வற்றிப்போகுமே தவிர, அதற்கு மேல் சூடேறாது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதலாக இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளி வாழ்ந்துவந்த தமிழ்த் தாய்மார்களுக்கு, கீழே தாப்பாவில் வேகிற நேரத்தில் இங்கே கொண்டைக்கடலை வேகாது என்று சொல்ல எந்தப் பௌதிக சாஸ்திரமும் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சமையலறை அனுபவத்திற்கும், அதே பகாங் மாநிலத்தின் மறுகோடியில் பவளப் பாறைகளுக்கிடையே மூழ்கி எழுகிற ஒருவனுடைய உயிருக்கும் ஒரே பிரகிருதி விதி காவல் நிற்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

காற்றுக்கு எடை உண்டு. கடற்கரையில் நிற்கும் ஒருவனுடைய உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும், வாயுமண்டலத்தின் உச்சிவரை நீண்டு நிற்கும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ஒரு வாயுமண்டல அழுத்தம் என்கிறோம். தானா ராத்தா கடல் மட்டத்துக்குச் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு காற்றை நாம் காலடியில் விட்டுவிட்டு மேலே வந்துவிடுவதால், தலைக்கு மேல் மிஞ்சியிருப்பது ஆறில் ஐந்து பங்கு அழுத்தம்தான். பாரம் குறைந்ததால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகித் தப்பிவிடுகிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் காது அடைத்துக்கொள்வதும், கீழே வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ரிங்லெட்டை அடைவதற்குள் உப்பிப் புடைத்துக்கொள்வதும் இதன் விளைவுகளே. பொட்டலத்துக்குள் அடைபட்ட காற்று சமவெளியின் காற்று. வெளியிலிருந்து அதைத் தாங்கிப் பிடித்த அழுத்தம் குறையக் குறைய அது விரிகிறது.

இப்போது கடலுக்குள் இறங்குவோம். மலையில் ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் ஏறித்தான் ஆறில் ஒரு பங்கு அழுத்தத்தைக் குறைக்க முடிந்தது. கடலிலோ, காற்றைவிடத் தண்ணீர் பல நூறு மடங்கு கனமானதாகையால், வெறும் 10 மீட்டர் ஆழம் இறங்கிய மாத்திரத்தில் ஒரு முழு வாயுமண்டல அழுத்தம் கூடிவிடுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. மூன்று தென்னை மரங்களின் உயரத்துக்கும் குறைவான இந்தத் தூரத்துக்குள், எவரெஸ்ட் சிகரத்திலும் காணமுடியாத அழுத்த பேதத்தை மனித சரீரம் சந்திக்கிறது.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கேமரன் மலையும், தென்கிழக்கே கடலுக்கு நடுவில் தியோமான் தீவும் இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கும் இக்காலத்து இளைஞர்கள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கக் கற்று, விடுமுறையில் தியோமானுக்குப் போய், அப்படியே பெற்றோரைப் பார்க்க மலைக்கு வருவது இப்போது நடக்கக்கூடிய காரியம்தான். அவர்களையும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தியோமானும் ஒரு மலைதான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதன் காஜாங் சிகரம் 1,038 மீட்டர் உயரமுள்ளது. கருங்கல் பாறையால் ஆனது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்து நீரில் ஒரு பகுதி நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்தபோது, கடல் மட்டம் இன்றிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடையே இன்று அலை வீசுமிடம் அன்று நதிகள் ஓடிய சமவெளியாக இருந்தது. அந்தச் சமவெளியில் தனித்து நின்ற குன்றே பின்னாளில் பனி உருகிக் கடல் உயர்ந்தபோது தீவாயிற்று. தியோமான் காட்டில் இன்றும் உலவும் சருகுமானின் மூதாதை நீந்தி வரவில்லை, நடந்தே வந்தது என்று கொள்வதற்கு இடமுண்டு. சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் 70 மீட்டருக்கு மேல் ஆழமில்லாதிருப்பதற்கும் இதுவே காரணம். இந்த ஆழமற்ற, வெதுவெதுப்பான, சூரிய ஒளி பாயும் நீர்தான் பவளப்பூச்சிக்கு உகந்த வீடு. 1994-ஆம் ஆண்டு முதல் இத்தீவைச் சூழ்ந்த நீர்ப்பரப்பு அரசாங்கத்தின் கடற்பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த பின், மார்ச் முதல் அக்டோபர் வரையில், சிங்கப்பூரிலிருந்தும் மெர்சிங்கிலிருந்தும் புறப்படுகிற சில படகுகளில் பிரயாணிகள் நாட்கணக்கில் படகிலேயே உண்டு, உறங்கி, தியோமான், பெமாங்கில், ஆவோர் என்று தீவுக்குத் தீவு நகர்ந்து, ஆங்காங்கே படகை நிறுத்தி மூழ்குகிறார்கள். லிவ்அபோர்ட் என்று அவர்கள் சொல்லும் இந்தப் பிரயாணத்தில் விடியற்காலையில் ஒரு மூழ்கல், காலை உணவுக்குப் பின் ஒன்று, மத்தியானத்துக்குப் பின் ஒன்று, இருட்டிய பிறகு விளக்கோடு ஒன்று என நாளொன்றுக்கு நான்கு முறைகூட இறங்குவதுண்டு. படகின் பின்தட்டில் அலுமினிய உருளைகள் வரிசையாகக் கயிற்றால் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சாதாரணக் காற்றுத்தான், ஆனால் இருநூறு மடங்கு இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். ஒருவர் மேலேறி வந்து உருளையைக் கழற்றியதுமே படகின் காற்றழுத்தப் பொறி உறுமத் தொடங்கி அதை மறுபடி நிரப்புகிறது. நிரப்பும் வேகத்துக்கு மனிதனின் ஆவலும் ஈடுகொடுக்கிறது. உடம்புக்கு அதற்கு ஈடுகொடுக்க இயலுமா என்பதே நாம் பிறகு பார்க்கப்போகும் கேள்வி.

தியோமானின் மேற்குக் கரையில், தெக்கேக் கிராமத்துக்குச் சமீபத்தில், ரெங்கிஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. அதன் ஓரமாக இறங்கினால் முதல் சில மீட்டரிலேயே மான்கொம்புப் பவளங்கள் தென்படும். நீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிடுவதால் ஆழம் போகப் போக எல்லாமே நீலமும் சாம்பலுமாக மங்குகிறது. கைவிளக்கைப் பொருத்தினால் அதே இடத்தில் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் திடீரென்று பிறக்கின்றன. ஒரு கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே மூன்று நான்கு கோமாளி மீன்கள் உரசிக்கொண்டே புகுந்து புறப்படுவதைக் காணலாம். வேறொரு சிறு மீன் அந்த விரல்களைத் தொட்டால் விஷ ஊசிகள் பாய்ந்து அது செயலிழந்துவிடும். கோமாளி மீனையோ அதன் மேல்தோலில் பூசியுள்ள வழுவழுப்பான கோழை காக்கிறது. அந்தக் குடும்பத்தில் உருவத்தில் பெரியது பெண். அது இறந்துவிட்டால், அடுத்துள்ள ஆண் மீன் சில வாரங்களில் பெண்ணாக மாறிக் குடும்பத் தலைமையை ஏற்றுக்கொள்கிறது. சற்றுத் தள்ளி, பாறை மேட்டொன்றில் நீலக்கோடிட்ட விரல்நீள மீன் ஒன்று நடனமாடி அழைக்க, அதைவிடப் பலமடங்கு பெரிய களவா மீன் வாயையும் செவுளையும் அகலத் திறந்துகொண்டு அசையாமல் நிற்க, சிறு மீன் அதன் பல்லிடுக்கில் நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வருகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே ஒருவர் நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை ஜீவராசிகள் நெருங்கி வாழும் இந்த நீர், உரச்சத்தைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் வறிய நீர் என்பது ஆச்சரியமே. பவளப்பூச்சியின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு சமைத்த சர்க்கரையைப் பூச்சிக்குக் கொடுக்கின்றன. பூச்சி தன் கழிவையே பாசிக்கு உரமாகத் திருப்பித் தருகிறது. கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி மிகுதியாகச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால் இந்தக் கூட்டுறவு முறிந்து, பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகிறது. 2010-ஆம் ஆண்டில் அப்படி வெளுத்தபோது, பாறைகளுக்கு ஓய்வளிக்க வேண்டித் தியோமான் உள்ளிட்ட கடற்பூங்காக்களில் சில மூழ்குமிடங்களை மலேசிய அரசாங்கம் தற்காலிகமாக மூடிவைத்தது. அது மிகச் சரியான காரியம்.

ரெங்கிஸை வட்டமிடும் கருமுனைச் சுறாக்களையும், அந்தக் களவா மீனையும் அழுத்தத்தின் கண்கொண்டு பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. களவாவின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. நீரில் மூழ்கவும் வேண்டாம், மிதக்கவும் வேண்டாம் என்று நிற்பதற்கு அது உதவுகிறது. ஆழத்திலிருந்து தூண்டிலில் சடுதியில் இழுக்கப்பட்ட களவா, வயிறு புடைத்து, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே தள்ளிக்கொண்டு படகில் வந்து விழுவதை மீன்பிடிப்பவர்கள் நன்கு அறிவார்கள். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் இதற்கு விளக்கம்: அழுத்தம் பாதியானால் வாயுவின் பருமன் இரட்டிக்கும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அதை இலேசாக்குகிறது. எண்ணெய் அழுத்தத்தால் சுருங்குவதுமில்லை, விரிவதுமில்லையாகையால் சுறா ஆழத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே தாராளமாகச் சஞ்சரிக்கிறது.

மனிதன் இந்த விஷயத்தில் களவாவின் கட்சி. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், அந்தக் காற்று இரு மடங்காகி நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவேதான் முக்குளிக்கக் கற்பவனுக்கு முதல் நாளில் சொல்லித்தரும் முதல் கட்டளை, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. 1943-இல் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் உருவாக்கிய ரெகுலேட்டர் அமைப்பு, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றை வாய்க்குக் கொடுக்கிறது. அதனால்தான் ஆழத்தில் மார்பு நசுங்காமல் சுவாசிக்க முடிகிறது. ஆனால் இந்த உபகாரத்தின் உள்ளேயே அடுத்த அபாயமும் அடங்கியிருக்கிறது. 30 மீட்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, உடம்புக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத நைட்ரஜன்.

திரவத்தின் மேல் வாயுவின் அழுத்தம் எத்தனை மிகுகிறதோ அத்தனைக்கு அத்தனை அந்த வாயு திரவத்தில் கரையும் என்பது 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதி. கோலி சோடாப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: கோலி வாயை அடைத்திருக்கும்வரை உள்ளே ஒரு குமிழியும் தெரியாது, கட்டைவிரலால் கோலியைத் தள்ளியவுடன் அழுத்தம் விடுபட்டு, அதுவரை தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்திருந்த வாயு நுரைத்துப் பொங்குகிறது. கடலுக்கடியில் இருக்கும்போது இரத்தத்திலும், தசையிலும், கொழுப்பிலும், மூட்டுகளிலும் நைட்ரஜன் மெல்ல மெல்லக் கரைந்து சேர்கிறது. நிதானமாக மேலேறினால் அது இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டால் வந்த வழியே போக நேரமில்லாமல் இருந்த இடத்திலேயே குமிழியாகிறது. மூட்டில் குமிழி தோன்றினால் பொறுக்கமுடியாத வலி, தண்டுவடத்தில் தோன்றினால் கால் விளங்காமல் போதல், மூளையில் தோன்றினால் மயக்கம். முக்குளிப்போர் இதைப் பெண்ட்ஸ் என்று சொல்கிறார்கள்.

இந்த நோயின் வரலாறு கடலில் தொடங்கவில்லை. 1670-வாக்கில் பாயிலே ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கூண்டிலிட்டுக் காற்றை உறிஞ்சியபோது, அதன் கண்ணுக்குள் ஒரு சிறு குமிழி அசைவதைக் கண்டு குறித்துவைத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் மிசிசிப்பி நதியில் ஈட்ஸ் பாலத்துக்கு அடித்தளம் தோண்ட, நீர் புகாதபடி அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளை ஆற்றின் அடியில் இறக்கி அவற்றுக்குள் ஆட்களை வேலை வாங்கினார்கள். வேலை முடிந்து மேலே வந்து, நல்ல காற்றைச் சுவாசித்துக் களித்து நின்றவர்கள் சிறிது நேரத்தில் சுருண்டு விழுந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய வாஷிங்டன் ரோப்ளிங் என்ற எஞ்சினீயரே 1872-இல் இதற்கு இரையாகி முடங்கிவிட, அவருடைய மனைவி எமிலி நாள்தோறும் வேலையிடத்துக்கும் நோய்ப்படுக்கைக்கும் இடையே நின்று அந்த வேலையை நிறைவேற்ற உதவினார். கூலிக்காரர்களின் பெயர்களை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைக்கவில்லை.

குமிழியின் உள்ளே இருப்பது நைட்ரஜன் என்று 1878-இல் நிறுவியவர் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. எப்படி மேலேறினால் அது தோன்றாது என்ற கணக்கை வகுத்தவர், பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பரிசோதனை நடத்தி 1908-இல் முடிவுகளை வெளியிட்ட ஜே. எஸ். ஹால்டேன். அவர் வெள்ளாடுகளை இரும்பு அறைக்குள் விட்டு அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆடு வாய்திறந்து வலியைச் சொல்லாது. ஆனால் மூட்டு வலி வந்த ஆடு ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நின்றது, அதுவே அதன் சாட்சியம். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை, இரத்தம் மிகுதியாக ஓடும் உறுப்புகள் விரைவாகவும் கொழுப்பு மெதுவாகவும் ஏற்று, அதே வேகத்தில் வெளியிடுகின்றன என்ற அவருடைய தத்துவமே, இன்று ஒவ்வொரு முக்குளிப்பவரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்கும் அடிப்படை.

மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்த நம் சுழியோடிகள், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி ஏறினார்கள். மேலே இழுத்த ஒரு மார்புக் காற்றைத் தவிர அவர்களுக்கு வேறு காற்று கிடையாதாகையால், அவர்கள் உடம்பில் கரைந்த நைட்ரஜனும் அற்பமே. சுறாவும் மூச்சுத்திணறலும் அவர்களுக்கு அபாயமாக இருந்தன, இந்த நோய் பெரும்பாலும் இல்லை. கடலில் வாழ்ந்துகொண்டே காற்றைச் சுவாசிக்கும் பிராணிகளின் முறையும் இதுவே. பேராமையும் திமிங்கலமும் ஆழத்தில் நுரையீரலைச் சுருங்கவிட்டு, உள்ளிருக்கும் காற்று இரத்தத்தோடு கலக்காதபடி ஒதுக்கிவிடுகின்றன. கடற்பாம்போ ஒருபடி மேலே போய், சேர்ந்த நைட்ரஜனைத் தோல் வழியாகவே கடலுக்குக் கொடுத்துவிடுகிறது என்று 1974-இல் ரோஜர் செய்மூர் காட்டினார். ஆயினும் பிரகிருதி அளித்த இந்தப் பாதுகாப்பும் எல்லையற்றதன்று. 2002-இல் கானரித் தீவுகளுக்கருகே கடற்படைப் பயிற்சி நடந்த சமயத்தில் கரையொதுங்கிய அலகுத் திமிங்கலங்களின் உறுப்புகளில் வாயுக் குமிழிகள் காணப்பட்டன. ஸ்பெயின் நாட்டுக் கரையோரம் மீன்வலையில் சிக்கி மேலே இழுக்கப்பட்ட பெருந்தலை ஆமைகளும் இதே நோயால் துன்புற்றதை 2014-இல் கண்டறிந்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் பழகிய உடம்புகளே நிதானம் தவறினால் தோற்கின்றன எனும்போது, வார விடுமுறையில் கடலுக்கு வருகிறவனுடைய உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

படகிலேயே தங்கி மூழ்கும் பிரயாணத்தின் விசேஷ அபாயம் இங்கேதான் இருக்கிறது. காலையில் ஒருமுறை இறங்கி எழுந்தவன் இரண்டு மணி நேரம் வெயிலில் சாய்ந்திருந்து மறுபடி இறங்கும்போது, முதல் மூழ்கலின் நைட்ரஜன் முழுவதும் போயிருக்காது; மீதியின் மேல் புதியது ஏறுகிறது. ஒரு திசுவில் மிகுதியாகச் சேர்ந்த வாயு பாதியாகக் குறைய நான்கு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 12 மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும், 24 மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகும். சுவிட்சர்லாந்தின் மலை ஏரிகளில் மூழ்குவோருக்காகக் கணக்கிட்ட ஜூரிக் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மன், பாதியாவதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் திசுக்களையும் தம் கணக்கில் சேர்த்தார். மூன்று நான்கு நாள் தொடர்ந்து இறங்கி எழுந்தவனுடைய உடம்பில், கடைசியாகப் படியேறிப் படகுக்கு வந்து ஈர உடையைக் களைந்த பிறகும், இந்த மந்தமான திசுக்கள் நிறைந்தே இருக்கின்றன. வலியில்லை, அடையாளமில்லை, கடல் மட்டத்தின் அழுத்தம் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நிலையில் அவன் மலையேறினால் என்னாகும்? பிற்பகலில் கடைசி மூழ்கல். மாலைப் படகில் தஞ்சோங் கெமோக்கிலோ மெர்சிங்கிலோ கரை. அங்கிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் காரோட்டம். விடிவதற்குமுன் தானா ராத்தாவில் அம்மா கையால் சூடான தேநீர். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவரும் ஆசைக்கு இது இயல்பான கணக்கு. உடம்பின் கணக்கோ வேறு. விமானத்தின் உள்ளறையில் அழுத்தம் குறைவாக இருப்பதால், மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கார் ஏறுவதும் அதே காரியமாகக்கூடும் என்பது அநேகருக்குத் தோன்றுவதில்லை. முக்குளிப்போர் நலனுக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு கூட்டிய நிபுணர்கள் 2002-இல் வகுத்த வழிகாட்டல், ஒரே ஒரு சாதாரண மூழ்கலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பலநாள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும், ஏறும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வரவேண்டிய ஆழ்ந்த மூழ்கலாயின் அதைவிடக் கணிசமாக மிகுதியாகவும் காத்திருக்கச் சொல்கிறது. அந்த வழிகாட்டல் ஏறக்குறைய 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையுள்ள உயரத்துக்குச் சமமான அறை அழுத்தத்தை மனத்தில் கொண்டது. தானா ராத்தா, பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ் தோட்டம் எல்லாம் இந்த எல்லைக்கு நடுவில்தான் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் மூழ்குவோர் கையேட்டில், மூழ்கியபின் எந்த உயரத்துக்கு ஏற எத்தனை நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்குத் தனி அட்டவணையே உண்டு.

கேமரன் மலையில் குறையும் அழுத்தம், கடலில் இரண்டு மீட்டருக்கும் குறைவான ஏற்றத்துக்குச் சமம்தானே என்று யாரேனும் வாதிக்கலாம். வாதம் கணக்களவில் சரி. ஆனால் விளிம்புவரை நிறைந்த திசுவுக்கு அந்த இரண்டு மீட்டரே எல்லையைத் தாண்டும் கடைசி அடியாகக்கூடும். மேலும் கடலில் தோன்றும் நோய்க்குப் படகில் பிராணவாயு உருளையும், அறிகுறியை அறிந்த தோழர்களும் இருக்கிறார்கள். மலை வீட்டில் நள்ளிரவில் தோளிலும் முழங்காலிலும் தொடங்கும் வலியை நெடும்பயணக் களைப்பு என்றும், தோலில் எழும் சிவந்த தடிப்பை உடைந்த பவளம் பட்ட அரிப்பு என்றும், கால் மரத்துப்போவதைக் குளிர் என்றும் தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்படிக் கழியும் ஒவ்வொரு மணியும் பிற்பாடு குணமாவதைக் கடினமாக்குகிறது. இந்நோய்க்கு முதலுதவி சுத்தமான பிராணவாயு. முறையான சிகிச்சை, நோயாளியை அழுத்த அறைக்குள் வைத்து மீண்டும் அழுத்தத்தை ஏற்றி, குமிழியைக் கரைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்குவது. அத்தகைய அறை பேராக் கடற்கரையில், லுமுட் இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. மலையிலிருந்து அங்கே போகும் வழி இறக்கமானது என்பதும் இந்த நோயாளிக்கு அனுகூலமே.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. கடைசி மூழ்கலை முடித்துக்கொண்டு, ஒரு முழுப் பகலும் இரவும் தியோமானின் மணலிலோ எதிர்க்கரை ரொம்பினிலோ கழித்துவிட்டு மலைக்குப் புறப்படுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒருநாள் தாமதத்துக்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மலைக்கு வந்து இரண்டு நாட்களுக்குள் விளங்காத வலியோ மரமரப்போ தோன்றினால், தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய், மருத்துவர் கேட்பதற்கு முன்பே, கடலில் காற்று உருளையோடு மூழ்கியதையும் கடைசியாக எழுந்த நாளையும் மணியையும் சொல்லிவிடுங்கள்.